முதல் பதிலை யார் சொல்கிறார்கள்? விக்கிப்பீடியாவின் டீஹவுஸ் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவில் தன் ஊரைப் பற்றிய பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஊர் நூலகம் இன்னும் பழைய கட்டடத்திலேயே இருப்பதாக அதில் எழுதியிருக்கிறது. அது இடம் மாறிப் பல வருஷம் ஆகிறது, அவர் வாராவாரம் புத்தகம் எடுக்கப் போவது புதுக் கட்டடத்துக்குத்தான். பக்கத்தின் மேலே 'தொகு' என்று இருக்கிறது. சரி, நாமே திருத்திவிடலாம் என்று ஒரு கணக்குத் தொடங்கி, ஒரு வரியை மாற்றி, சேமிக்கிறார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, எழுதியதைக் காணோம். அவருடைய பேச்சுப் பக்கத்தில், அதாவது மற்றவர்கள் அவருக்குச் செய்தி எழுதிவைக்கும் பக்கத்தில், ஒரு செய்தி மட்டும் வந்திருக்கிறது: உங்கள் தொகுப்பு ஆக்கபூர்வமானதாகத் தெரியாததால் நீக்கப்பட்டது, சோதனை செய்து பார்க்க மணல்தொட்டியைப் பயன்படுத்துங்கள்.

அவர் சோதனை எதுவும் செய்யவில்லை. தனக்குத் தெரிந்த உண்மையை எழுதினார். அதற்கு ஆதாரம் எங்கே இருக்கிறது என்று மேற்கோள் போடவில்லை, அவ்வளவுதான் குறை, அதைச் சொல்லத்தான் அங்கே ஆள் இல்லை. கணினியை மூடிவிட்டு எழுந்து போகிறார். அப்புறம் அவர் வருவதில்லை.

இந்த ஆள் நான் கற்பனை செய்தவர். ஆனால் இந்த வகை ஆட்கள் வந்து வந்து திரும்பிப் போனதுதான் விக்கிப்பீடியாவின் பெரிய கதைகளில் ஒன்று. அவர்களைத் தங்கவைக்க, புதியவர்கள் தயங்காமல் கேள்வி கேட்பதற்கென்று ஆங்கில விக்கிப்பீடியாவில் திறந்த பக்கம்தான் டீஹவுஸ். நான் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதுபவன், அண்மைய மாற்றங்கள் பக்கத்தைத் தினமும் திறந்து பார்ப்பவன். பொழுதுபோக்காக, சம்பளம் இல்லாமல், ஆர்வத்தில் கூடும் எந்த இணையக் குழுவுக்கும் இந்தக் கதை பொருந்தும் என்று நினைக்கிறேன், அதனால்தான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கதவு இறுகிய விதம்

2001 ஜனவரியில் ஆங்கில விக்கிப்பீடியா தொடங்கியபோது வருகிறவரெல்லாம் புதியவர்தான், யாருக்கும் யாரும் மூத்தவர் இல்லை. பிழையோடு எழுதினாலும் அடுத்தவர் வந்து திருத்துவார். சில வருஷத்தில் கூட்டம் பெருகியது, கூடவே விஷமமும் பெருகியது. 2005இல் ஜான் சீகந்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய பக்கத்தில், கென்னடி கொலையில் அவருக்குத் தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்டதாக யாரோ பொய்யாக எழுதிவைத்தார்கள். நான்கு மாதத்துக்கும் மேல் அது அப்படியே கிடந்தது. விஷயம் வெளியே வந்து பெரிய அவமானம் ஆனது. அந்த டிசம்பரிலேயே, கணக்கு இல்லாதவர்கள் ஆங்கிலத்தில் புதுப் பக்கம் தொடங்க முடியாது என்று ஆக்கினார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், புதியவர்களை விரட்டியவர்கள் கெட்டவர்கள் என்று எழுதுவது சுலபம், ஆனால் அது உண்மை இல்லை. அவர்கள் பயந்துபோயிருந்தார்கள். ஒரு பொய் வரி ஒரு மனிதரின் பெயரை என்ன செய்யும் என்று கண்ணால் பார்த்தவர்கள். வெள்ளம்போல் வரும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆள் போதாததால் கருவிகள் செய்தார்கள். டுவிங்கிள், ஹக்கிள் போன்றவை வந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் தொகுப்பு மீளமைக்கப்படும், அதாவது பக்கம் பழையபடி ஆகிவிடும், எழுதியவர் பேச்சுப் பக்கத்தில் எச்சரிக்கை வார்ப்புருவும் (முன்பே எழுதிவைத்த செய்தி) தானாகப் போய் உட்காரும். அப்புறம் குளூபாட் என்.ஜி. மாதிரி தானாக இயங்கும் நிரல்கள், தானியங்கிகள் வந்து, மனிதர் பார்க்கும் முன்பே விஷமத்தை அடையாளம் கண்டு நீக்கத் தொடங்கின.

வேலை நன்றாகவே நடந்தது, விஷமம் சீக்கிரம் துடைக்கப்பட்டது. ஆனால் நூலகத்தைப் பற்றி எழுதியவரும் அதே துடைப்பத்தில் மாட்டினார்.

2007 மார்ச் வாக்கில் ஆங்கில விக்கிப்பீடியாவில் மாதம் ஐந்து தொகுப்பாவது செய்பவர்கள் சுமார் 51 ஆயிரம் பேர். 2013 வாக்கில் அது சுமார் 31 ஆயிரம். படிக்கிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள், எழுதுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். எழுத வேண்டியதையெல்லாம் எழுதி முடித்துவிட்டோம், இனி யார் வருவார்கள் என்று சிலர் சொன்னார்கள். வருகிறவர்களின் தரம் குறைந்துவிட்டது என்று வேறு சிலர். ஆரோன் ஹாஃபேக்கர், ஸ்டூவர்ட் கைகர், ஜொனாதன் மோர்கன், ஜான் ரீட்ல் நால்வரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. புதியவர்களின் முதல் தொகுப்புகளை எடுத்து, இவர் நல்ல எண்ணத்தோடு வந்தவரா, கெடுக்க வந்தவரா என்று மனிதர்களைக்கொண்டே வகைப்படுத்திப் பார்த்தார்கள். நல்ல எண்ணத்தோடு வருகிறவர்களின் விகிதம் பெரிதாக விழவில்லை. அவர்கள் எழுதியது நீக்கப்படும் விகிதம்தான் ஏறியிருந்தது. முதல் தொகுப்பே நீக்கப்பட்டவர்கள் தங்குவது குறைந்தது. வருகிறவர் மாறவில்லை, வாசல்தான் மாறியிருந்தது.

புதியவர்களைக் கடிக்காதீர்கள் என்ற வழிகாட்டல் அங்கே வெகுநாளாக இருக்கிறது. எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். ஹக்கிளில் நிமிஷத்துக்கு நிமிஷம் மாற்றங்களைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது அந்த வழிகாட்டல் யார் ஞாபகத்துக்கு வரும்?

டீஹவுஸ்

2012 பிப்ரவரி கடைசியில் டீஹவுஸ் என்ற பக்கம் ஒரு முன்னோட்டமாகத் திறக்கப்பட்டது. சாரா ஸ்டியர்ச், ஜொனாதன் மோர்கன், சிகோ பூட்டர்ஸ், ஹெதர் வால்ஸ் ஆகியோர் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை சார்பில் இதை வடிவமைத்தார்கள். டீஹவுஸ் என்பதை நாம் டீக்கடை என்றே நினைத்துக்கொள்ளலாம். புது ஊருக்குப் போனால் வழி கேட்க நாம் எங்கே போவோம்? காவல் நிலையத்துக்குப் போவோமா? முக்கில் இருக்கும் டீக்கடையில்தானே நிற்போம்!

உதவி மேசை என்று ஒரு பக்கம் ஏற்கெனவே இருந்தது. கேள்வி கேட்கலாம், பதிலும் வரும். அப்புறம் எதற்கு இன்னொன்று? இந்தக் கேள்விக்குப் பதில் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது, அதனால் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

அந்தக் காலத்தில் விக்கியில் ஒரு கேள்வி கேட்க என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டியிருந்தது என்று பழகியவர்கள் மறந்துவிடுகிறோம். பக்கத்தைத் தொகுக்கத் திறந்து, கீழே கீழே இறங்கி, கடைசியில் இரண்டு சமக்குறிக்கு நடுவில் தலைப்பு வைத்து, கேள்வியை எழுதி, நான்கு அலைக்குறி (~) போட்டுக் கையெழுத்திட வேண்டியிருந்தது. பதிலுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றால் வரி தொடக்கத்தில் முக்காற்புள்ளி (:), அதற்கும் பதில் என்றால் இரண்டு முக்காற்புள்ளி. தப்பாகப் போட்டால் பக்கம் கலைந்துபோகும், யாராவது வந்து சரிசெய்துவிட்டு, கையெழுத்திட மறக்காதீர்கள் என்று இன்னொரு வார்ப்புரு ஒட்டிவிட்டுப் போவார்கள். உதவி கேட்க வந்தவருக்கு, உதவி கேட்பதிலேயே குட்டு.

டீஹவுஸில் ஒரு பொத்தான் வைத்தார்கள். அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும், தலைப்பையும் கேள்வியையும் எழுதினால் போதும், கையெழுத்தைக் கருவியே போட்டுவிடும். புதிய கேள்வி பக்கத்தின் உச்சியில் வந்து நிற்கும். விக்கி மரபுப்படி அது கீழேதான் போக வேண்டும், ஆனால் வெளியிலிருந்து வருகிறவர் தேடுவது மேலே. அந்தக் காலத்தில் ஒரு விக்கிப் பக்கத்தின் வழக்கத்தைப் புதியவருக்காகத் தலைகீழாக்குவது சாதாரண விஷயம் இல்லை. பழையவர்கள் எரிச்சல்பட்டார்கள். பல வருஷம் கழித்து அது மறுபடி கீழே போகும் வழக்கத்துக்கே மாறியது. தொடக்கத்தில் அப்படி வைத்தது சரியான முடிவு என்பதே என் எண்ணம்.

அடுத்து, பதில் சொல்கிறவர்கள். அவர்களுக்கு ஹோஸ்ட் என்று பெயர் வைத்தார்கள். நிருவாகி, முன்னிலையாக்கர் (தொகுப்புகளை ஒரே சொடுக்கில் மீளமைக்கும் உரிமை உள்ளவர்) எல்லாம் ஒருவருக்கு இருக்கும் அதிகாரத்தைச் சொல்லும் பெயர்கள். ஹோஸ்ட் என்பதில் அதிகாரம் எதுவும் இல்லை, விருந்தோம்பும் வேலைதான் இருக்கிறது. ஒவ்வொருவரும் ஒரு படமும் தன்னைப் பற்றி இரண்டு வரியும் போட்டு வைத்தார்கள். எதில் எழுதுகிறேன், எது பிடிக்கும், என்ன உதவி செய்ய முடியும் என்று. வார்ப்புருவுக்குப் பின்னால் ஒரு முகம் இருக்கிறது என்று தெரிவதே பாதிப் பயத்தைப் போக்கும்.

பதில் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் சில வழக்கங்களை வைத்துக்கொண்டார்கள். முதலில் வணக்கம் சொல்ல வேண்டும், பெயர் சொல்லி. கேட்டதற்கு எளிய சொற்களில் பதில் சொல்ல வேண்டும், விதிப் பக்கத்தின் சுருக்கெழுத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டுப் போகக் கூடாது. இது அங்கே பெரிய நோய். என் கட்டுரை ஏன் நீக்கப்பட்டது என்று ஒருவர் கேட்பார், நாலெழுத்துச் சுருக்கம் ஒன்று பதிலாக வரும், அதைத் தொட்டால் பல திரை நீளத்துக்கு ஒரு கொள்கைப் பக்கம் விரியும். சொன்னவருக்கு அது முழுப் பதில், கேட்டவருக்கு அது மூடிய கதவு. டீஹவுஸில் அதே விஷயத்தை இப்படிச் சொல்வார்கள்: நீங்கள் எழுதிய நிறுவனத்தைப் பற்றி, அதோடு தொடர்பு இல்லாத பத்திரிகை எதுவும் விரிவாக எழுதியிருக்கிறதா? அப்படி இரண்டு மூன்று இருந்தால் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்க்கலாம். இல்லை என்றால் இப்போதைக்கு இந்தத் தலைப்பில் கட்டுரை நிற்காது. விதி மாறவில்லை, கட்டுரையும் ஒருவேளை நிற்காமலே போகலாம். ஆனால் கேட்டவருக்குக் காரணம் புரிந்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் வரவேற்பு என்றாலே தரத்தைத் தளர்த்துவது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். டீஹவுஸ் ஒரு விதியைக்கூடத் தளர்த்தவில்லை. மேற்கோள் வேண்டும் என்றால் வேண்டும்தான், விளம்பரம் கூடாது என்றால் கூடாதுதான். அதைச் சொல்லும் ஆளும் இடமும் தொனியும்தான் வேறு. நீக்குவது ஒரு இடத்தில் நடக்கிறது, விளக்குவது இன்னொரு இடத்தில். திட்டிய வாத்தியாரிடமே போய் ஐயா புரியவில்லை என்று கேட்க எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

அழைப்பு

கடை திறந்தால் மட்டும் போதாது, அப்படி ஒரு கடை இருப்பதே புதியவருக்குத் தெரியாது. அதற்காக ஹோஸ்ட்பாட் என்று ஒரு தானியங்கி எழுதினார்கள். தினமும் புதுக் கணக்குகளின் பட்டியலை எடுக்கும். முதல் நாளிலேயே சில தொகுப்பாவது செய்தவர்களைப் பிரிக்கும். தடை செய்யப்பட்டவர்கள், கடும் எச்சரிக்கை வாங்கியவர்களைத் தள்ளிவிடும். மீதி உள்ளவர்களின் பேச்சுப் பக்கத்தில் ஒரு சின்ன அழைப்பை வைக்கும். பங்களித்ததற்கு நன்றி, டீஹவுஸுக்கு வாருங்கள், இன்னாரைப் போன்ற அனுபவமுள்ளவர்கள் உங்கள் கேள்விகளுக்கு உதவுவார்கள் என்று ஒரு ஹோஸ்டின் பெயரோடு.

விரட்டியதும் தானியங்கிதான், அழைத்ததும் தானியங்கிதான். ஆனால் இந்தத் தானியங்கியின் கடைசி வரி ஒரு மனிதரிடம் கொண்டுபோய்விட்டது. நேரமும் முக்கியம். கணக்குத் தொடங்கிய நொடியில் வரும் வரவேற்பை யாரும் படிப்பதில்லை, அப்போது அவருக்குக் கேள்வியே இல்லை. ஒன்றிரண்டு திருத்தம் செய்து, எதிலாவது முட்டிக்கொண்ட பிறகு, மனசு விட்டுப் போவதற்கு முன்னால், அந்த ஒரு நாள் இடைவெளியில் அழைப்பு வந்தது.

என்ன பலன்?

அழைப்புப் பெற்றவர்களில் சிறு பங்கினர்தான் உள்ளே வந்து கேள்வி கேட்டார்கள். வந்தவர்கள் கூடுதலாகத் தங்கினார்கள் என்று தொடக்கத்திலேயே தெரிந்தது, ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. கேள்வி கேட்கத் துணிந்தவர் எப்படியும் தங்கியிருப்பவராகவே இருக்கலாம். அதனால் மோர்கனும் ஹாஃபேக்கரும் முறையான ஒரு சோதனை செய்து 2018இல் வெளியிட்டார்கள். தகுதியுள்ள புதியவர்களில் ஒரு பகுதிக்கு அழைப்பு அனுப்பாமல் விட்டு, இரு பக்கத்தையும் ஒப்பிட்டார்கள். அழைப்புப் பெற்றவர்கள் கூடுதலாகத் தங்கினார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தாலும் சரி, பல மாதம் கழித்துப் பார்த்தாலும் சரி. இந்த வித்தியாசம் தொடக்கத்தில் நிறையத் தொகுத்தவர்களிடமும் இருந்தது, கொஞ்சமாகத் தொகுத்தவர்களிடமும் இருந்தது. வித்தியாசம் மலைபோல் பெரிது இல்லை. ஆனால் புதியவர்களைத் தங்கவைக்கச் செய்த முயற்சிகளில் நீண்ட காலத்துக்குப் பலன் காட்டியவை மிகக் குறைவு, அந்த நிலையில் இது பெரிய விஷயம்.

2011இல் அறக்கட்டளை நடத்திய கணக்கெடுப்பில் தொகுப்பவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. டீஹவுஸ் முன்னோட்டத்துக்கு வந்தவர்களில் பெண்களின் பங்கு அதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தது.  கேள்வி கேட்டால் ஏளனம் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கை அங்கே இருந்தது.

அதே காலத்தில் ஹக்கிளின் எச்சரிக்கைச் செய்திகளையும் மாற்றி எழுதிச் சோதித்தார்கள். உங்கள் தொகுப்பு நீக்கப்பட்டது என்ற செயப்பாட்டு வாக்கியத்துக்குப் பதிலாக, நான் இன்னார், உங்கள் தொகுப்பை நான்தான் நீக்கினேன், காரணம் இது, கேள்வி இருந்தால் என் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள் என்கிற மாதிரி. அதுவும் புதியவர்களிடம் நல்ல மாற்றத்தைக் காட்டியது. நீக்கப்பட்டது நீக்கப்பட்டதுதான், ஆனால் நீக்கியவருக்கு ஒரு பெயர் வந்துவிட்டது.

குறைகளையும் சொல்ல வேண்டும். டீஹவுஸால் மொத்தப் போக்கைத் திருப்ப முடியவில்லை, ஒரு பக்கத்தால் முடியக் கூடியதும் இல்லை. வாசலில் இறுக்கம் அப்படியேதான் இருந்தது. புதியவர்கள் எழுதி அனுப்பும் வரைவுகளைச் சரிபார்க்கும் வரிசையில் கட்டுரைகள் வாரக்கணக்கில் காத்துக் கிடக்க, என் வரைவு ஏன் நிராகரிக்கப்பட்டது என்று டீஹவுஸில் கேள்விகள் குவிந்தன. ஒரே கேள்விக்கு நூறாவது முறை பதில் சொல்லும் ஹோஸ்டுக்கும் அலுப்பு வரும். அலுத்தவர் பேச்சு சுருங்கும், சுருங்கினால் டீஹவுஸ் பழைய உதவி மேசை ஆகிவிடும். வரவேற்பது குணத்தோடு முடிந்துவிடுவதில்லை, அது முறை வைத்துச் செய்ய வேண்டிய வேலை. அலுத்தவர் தள்ளி உட்கார்ந்து இன்னொருவர் வந்து நிற்க இடம் வேண்டும். 2018இல் அறக்கட்டளை இன்னொரு குழுவை அமைத்து, செக், கொரிய விக்கிப்பீடியாக்களில் தொடங்கி, புதியவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியின் பெயரைக் காட்டும் முகப்பைக் கொண்டுவந்தது. டீஹவுஸில் கற்றது அதிலும் தெரிகிறது.

நம் ஆலமரத்தடி

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. நம் பொதுப் பேச்சு இடத்துக்கு ஆலமரத்தடி என்று பெயர், உதவி கேட்கும் இடத்துக்கு ஒத்தாசைப் பக்கம். எவ்வளவு அழகான பெயர்கள்! ஒத்தாசை என்ற சொல்லைக் கேட்டாலே பக்கத்து வீட்டு அத்தை சுற்றுச்சுவர் மேல் எட்டிப் பார்த்து என்னம்மா என்று கேட்கிற மாதிரி இருக்கும். பெயரில் இருக்கும் அந்த இதம் பதிலிலும் இருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி.

நம் நிலைமை ஆங்கிலத்தைப் போன்றது இல்லை. இங்கே ஆள் குறைவு. துப்புரவு செய்கிறவரும், நீக்குகிறவரும், வரவேற்கிறவரும், ஒத்தாசைப் பக்கத்தில் பதில் சொல்கிறவரும் பெரும்பாலும் அதே நாலைந்து பேர்தான். அடிக்கிற கையேதான் அணைக்கவும் வேண்டும். தனி இடம் வைப்பது இங்கே அவ்வளவாக உதவாது, தொனியை மட்டும்தான் பிரிக்க முடியும்.

நமக்கே உரிய சிக்கல்களும் உண்டு. தட்டச்சில் பாதிப் பேர் நின்றுவிடுகிறார்கள். தமிழ்99 விசைப்பலகை தெரியாது, ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாற்றித் தரும் எழுத்துப்பெயர்ப்பு வசதி பக்கத்திலேயே இருப்பதும் தெரியாது. அதைத் தாண்டி வந்தால் எழுத்துக்கூட்டல். ஒருவர் ஸ்பெயின் என்று எழுதுகிறார், அவர் படித்த பாடப்புத்தகம், நாளிதழ் எல்லாவற்றிலும் அப்படித்தான். அது எசுப்பானியா என்று மாறி நிற்கிறது. ஆஸ்திரேலியாவைத் தேடினால் ஆத்திரேலியா. கிரந்தம் வேண்டுமா வேண்டாமா என்று நாம் வருஷக்கணக்கில் பேசியிருக்கிறோம், இரு பக்கமும் நியாயம் உண்டு, அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பேச்சு எதுவும் தெரியாமல் வந்தவருக்கு, உன் தமிழ் தப்பு என்று சொன்ன மாதிரிதான் கேட்கும். மேற்கோள் இல்லை என்பதைவிட இது ஆழமாகப் படும். தாய்மொழி ஆயிற்றே.

நானும் இதைச் செய்திருக்கிறேன். ஒருவர் தன் ஊர்க் குளத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தார், பேச்சுத் தமிழில், மேற்கோள் இல்லாமல். இரவு நேரம், வரிசையில் இன்னும் நிறைய இருந்தது, மீளமைத்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். சுருக்கக் குறிப்பில் 'கலைக்களஞ்சிய நடை இல்லை' என்று மட்டும் போட்டேன். டீஹவுஸ் பற்றிப் படித்த பிறகு ஒரு நாள் அது ஞாபகம் வந்து அவருடைய பங்களிப்புகளைத் திறந்து பார்த்தேன். அந்த ஒரு தொகுப்புதான் இருந்தது. பேச்சுப் பக்கத்தில் 'வாருங்கள்' என்று தொடங்கும் வரவேற்பு வார்ப்புரு, அதைத் தவிர யாரும் எதுவும் எழுதவில்லை, நானும்தான்.

அவருக்கு அப்போதே எழுதினேன். குளத்தைப் பற்றிய வரிகளை நான்தான் நீக்கினேன், காரணத்தை விளக்காமல் விட்டது என் தவறு, மாவட்டக் கையேட்டிலோ நாளிதழிலோ அந்தக் குளத்தைப் பற்றி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், எழுதும் நடையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. இதுவரை பதில் இல்லை.

இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு புதியவரின் தொகுப்பை மீளமைத்தால், அடுத்ததற்குப் போகும் முன் அவர் பேச்சுப் பக்கத்தில் என் சொந்தக் கையால் மூன்று வரி எழுதுவேன். எது நன்றாக இருந்தது, எது குறைந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்று. வார்ப்புரு போட மாட்டேன். இதனால் ஒரு இரவில் நான் பார்க்கும் மாற்றங்களின் எண்ணிக்கை பாதியாகிவிட்டது. போன வாரம் அப்படி எழுதியவர்களில் ஒருவர் பதில் போட்டிருந்தார். கையெழுத்து இல்லை, முக்காற்புள்ளி இல்லை, பக்கத்தின் உச்சியில், என் பெயரைப் பிழையாக எழுதி, மேற்கோள் எங்கே போட வேண்டும் அண்ணா என்று.